தெமோதரையில் ஒருமுறை இறங்குங்கள்

பெரியோர்களே, தாய்மாரே, முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளே,

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி பிரிகிற இடம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். கரடியனாறு, மகாஓயா, பிபிலை என்று அந்த வீதியிலேயே போனால் பதுளை. அங்கே கோச்சி ஏறினால் ஹாலிஎலவுக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். தெமோதரை. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அந்த ஸ்டேஷனுக்குள் போகிற விதமே தனி. முதலில் கோச்சி ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். ஸ்டேஷன் அந்தச் சுரங்கத்துக்கு நேர் மேலே இருக்கிறது! பெட்டிக்குள் இருப்பவருக்கு அது தெரியாது. வெளியே வந்த கோச்சி மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறி, தான் கடந்து வந்த சுரங்கத்தின் தலைக்கு மேல் போய் நிற்கும்.

ஏன் இந்தச் சுற்று? வாழைச்சேனை, ஏறாவூர்ப் பக்கம் தரை சமம். நேரே தண்டவாளம் போடலாம். மலையகப் பாதையிலோ 44 அடி ஓடினால் 1 அடிதான் ஏறலாம் என்பது கணக்கு. இரும்பின் மேல் இரும்பு உருள்கிறது. சரிவு கூடினால் சில்லு வழுக்கும். தெமோதரையில் ஏற வேண்டிய உயரம் இருந்தது, ஓடுவதற்கு நீளம் இல்லை. அந்த நீளத்தை மலையைச் சுற்றி எடுத்தார்கள். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆனாலும் எனக்குப் பிடித்த கதை.

பாதை பண்டாரவளைக்கு 1894இல் வந்துவிட்டது. பதுளைக்கு வர 1924 ஆயிற்று. மிச்சமிருந்தது ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான், பிள்ளைகளே. நமது மட்டக்களப்புக்குக் கோச்சி வந்தது அதற்கும் நாலு வருஷம் கழித்து, 1928இல். மலையில் பாதை போட்டது தேயிலைக்காக. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைகள் நம் மொழி பேசுகிற மலையக மக்களின் கைகள். இதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்பது என் மனக்குறை.

இப்போது பலரும் எல்ல ஸ்டேஷனில் இறங்கி, ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாலம் அழகுதான். தெமோதரையிலும் இறங்குங்கள் என்று கேட்கிறேன்.

என் பத்து வயதில் அப்பா என்னை அங்கே இறக்கினார். வந்த கோச்சி போய்விட்டது. எனக்கு அழுகை. பிறகு எல்லப் பக்கமிருந்து பதுளைக்குப் போகிற ஒரு கோச்சி வந்து நின்றது. நிலைய அதிபர் வளையத்தில் கோர்த்த டேப்லட் என்கிற உலோகத் தகட்டைச் சாரதியிடம் கொடுத்தார். ஒற்றைத் தண்டவாளத்தில் அது கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம். ஒரு டேப்லட் வெளியே இருக்கும்போது இரண்டு ஸ்டேஷனிலும் உள்ள டேப்லட் இயந்திரங்கள் இன்னொன்றைத் தராது. அப்பா அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். கோச்சி புறப்பட்டு வளைவில் மறைந்தது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைக் காட்டினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதே கோச்சியின் ஹோர்ன், என் காலுக்குக் கீழே இருந்து கேட்டது.