விளம்பரத்தைத் தடுப்பது திருட்டா?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

சற்று முன் ஒரு தம்பி கேட்டார்: "செய்தியை ஓசியில் படித்துவிட்டு, அதற்குச் சோறு போடும் விளம்பரத்தைத் தடுப்பது திருட்டு இல்லையா, ஐயா?" திருட்டு இல்லை, தம்பி. ஆனால் நமக்கு ஒரு கடமை இருக்கிறது.

தமிழ் நாளிதழை விரித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது நினைவஞ்சலிப் பக்கத்தை. எந்தத் தோட்டத்தில் யார் தவறினார், கருமக்கிரியை எங்கே, பேரப்பிள்ளைகள் யார் யார் என்று எழுத்து விடாமல் படிப்பார்கள். அப்புறம் திருவிழா அறிவிப்பு, தீபாவளி வாழ்த்து. எல்லாமே காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள்தாம். அவற்றை யாரும் தொல்லை என்று சொன்னதில்லை. எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று அந்தத் தாள் யாரிடமும் போய்ச் சொல்லாது.

கைப்பேசியில் வரும் விளம்பரம் சொல்கிறது. பக்கம் திறப்பதற்குள் நீங்கள் எந்த ஊர், என்ன போன், முன்பு எதைத் தேடினீர்கள் என்ற விவரமெல்லாம் பல கம்பெனிகளுக்குப் போய், கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் நடக்கிறது. கூடுதல் விலை கேட்டவரின் விளம்பரம் உங்கள் திரைக்கு வருகிறது. நீங்கள் டாப்-அப் போட்டு வாங்கிய டேட்டாவும் இதில்தான் கரைகிறது. 2016-ல் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களிலேயே விளம்பரத்தின் வழியாகக் கணினியைக் கெடுக்கும் தீய நிரல் நுழைந்தது. அப்படியிருக்க, விளம்பரத்தை மறிக்கும் 'தடுப்பான்' என்ற செயலியை வைத்துத் தாழ்ப்பாள் போடுகிறவரைக் குற்றவாளி என்பது எந்த ஊர் நியாயம்?

ஜெர்மனியில் ஒரு பெரிய பதிப்பகம் இதை வழக்காக்கியது. வணிகப் போட்டிச் சட்டப்படி தடுப்பான் சட்டவிரோதம் அல்ல என்று 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடுப்பான் வைத்திருப்பவரை உள்ளே விடாமல் இருக்கப் பதிப்பகத்துக்கும் உரிமை உண்டு. அதுவும் சரிதான்.

தடுப்பானிலும் பார்த்துப் போடுங்கள். அட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பான் பெரிய நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சில விளம்பரங்களை உள்ளே விடுகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. யூபிளாக் ஆரிஜின் என்ற இன்னொரு தடுப்பான் நன்கொடைகூட வாங்குவதில்லை.

இனி நம் கடமை. 1924-ல் தொடங்கிய நம் தமிழ் நேசன் நாளிதழ் 2019-ல் நின்றுபோனது. அதைச் சாய்த்தது நட்டம். தடுப்பான் மேல் பழி போட மாட்டேன். ஆனால் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு மாணவர் குறைகிறார்கள், தோட்டம் கைமாறியதும் லயத்துக் குடும்பங்கள் வீட்டுக்கு அலைகிறார்கள் என்பதை நம் பத்திரிகை எழுதாவிட்டால் வேறு யார் தொடர்ந்து எழுதப்போகிறார்கள்? ஆகவே, தடுக்கிறவர் சந்தா கட்ட வேண்டும். மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளம் 2002-லிருந்தே சந்தா வாங்குகிறது, வாசகர்கள் கட்டுகிறார்கள். தமிழுக்கு மட்டும் நாம் கணக்குப் பார்க்கலாமா? கட்ட முடியாதவர்கள், நம்புகிற தளத்துக்கு மட்டும் தடுப்பானில் விலக்குக் கொடுங்கள்; அங்கே விளம்பரம் வரட்டும்.

பத்திரிகை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊர் நகைக்கடை, துணிக்கடை விளம்பரங்களை நீங்களே நேரடியாக வாங்கி, வேவு பார்க்கும் நிரல் எதுவும் இல்லாமல் வெறும் படமாகப் போடுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் தளத்துக்கு விலக்குக் கொடுக்கும் முறையை இந்த மண்டபத்தில் உட்கார்ந்தே ஒவ்வொருவருக்கும் நான் சொல்லித் தருகிறேன்.