மூச்சில் தெரியும் ஈரல்

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். நாடியைத் தொடுவதற்கு முன்னால் குனிந்து நோயாளியின் மூச்சை முகர்ந்து பார்ப்பார். ஒரு நாள், வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, அரைமயக்கத்தில் கிடந்த ஒருவரிடம் அப்படிக் குனிந்தார். பக்கத்தில் நின்ற மனைவிக்குக் கூச்சமாகிவிட்டது. "காலையில பல்லு விளக்கித்தாங்கய்யா விட்டேன்" என்றார். "இது வாயில இருந்து வர்ற வாடை இல்லம்மா, ரத்தத்துல இருந்து வர்றது" என்றார் பேராசிரியர். எங்களையும் ஒவ்வொருவராகக் குனியச் சொன்னார். முட்டைக்கோஸ் வேகும்போது ஒரு வாடை வருமே, அது; கூடவே லேசான தித்திப்பு. நாற்பது வருடமாகியும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

அந்த வாடைக்கு முக்கியக் காரணம் டைமெத்தில் சல்ஃபைடு. முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்தைக் குடல் கிருமிகள் சிதைக்கும்போது இத்தகைய கந்தகப் பொருள்கள் பிறக்கின்றன. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் ஈரல் என்ற சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். ஈரல் இறுகிவிட்டால் ரத்தம் பக்கவழியில் போய்விடும். சரக்கு அப்படியே நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறும். வாயிலிருந்து அல்ல, மறுபடியும் சொல்கிறேன், ரத்தத்திலிருந்து.

மூச்சில் வரும் இன்னொரு பொருள் எனக்கு ரொம்பப் பிடித்தது. சின்ன வயதில் ஆரஞ்சுத் தோலை மடித்து விளக்குச் சுடரில் பீய்ச்சியிருப்பீர்கள். சடசடவென்று பொறி பறக்கும். அந்தத் தோல் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். நாம் தின்பதில் சேரும் லிமோனீனை நல்ல ஈரல் சிதைத்துவிடும். சிரோசிஸ், அதாவது தழும்பேறி இறுகிப்போகும் நோய், வந்த ஈரலால் முடிவதில்லை; அது மூச்சில் வந்துவிடும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 2015இல் இதை வெளியிட்டார்கள். மாற்று ஈரல் பொருத்தியவர்களின் மூச்சில் லிமோனீன் நாளுக்கு நாள் குறைந்திருக்கிறது. உடம்புக் கொழுப்பில் தங்கியது மெல்ல வடிகிறது என்று கணித்தார்கள். அதற்காக, வீட்டில் யார் மூச்சிலாவது எலுமிச்சை வாசனை வந்தால் பயந்துவிடாதீர்கள். இது மூக்குக்கு எட்டாத அளவு, கருவிதான் பிடிக்கும். காலையில் குடித்த எலுமிச்சை ஜூஸும், தரை துடைக்கும் திரவமும்கூட அந்தக் கருவியைக் குழப்பும்.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். சரி, ஈரலின் வேலையை மூச்சிலேயே அளக்கும் மெத்தசெட்டின் சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் சேர்த்த மெத்தசெட்டின் மருந்தைக் கொடுப்பார்கள், கதிர்வீச்சு கிடையாது. ஈரல் அதை உடைக்க உடைக்க அந்தக் கார்பன் மூச்சில் வரும். வேகமாக வந்தால் ஈரல் வேலை செய்கிறது, மந்தமாக வந்தால் தளர்ந்திருக்கிறது. வெறும் வயிற்றோடு போக வேண்டும். அப்புறம், சிகரெட் அந்த மருந்தை உடைக்கும் ஈரல் நொதியைத் தூண்டிவிட்டு முடிவை மாற்றிவிடும், ஆகவே புகைப்பவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வணக்கம்.