அப்பாக்களையும் கூப்பிடுங்கள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச ஊரைக் கூட்டினால் முதலில் அழைப்பது அம்மாக்களைத்தான். அவர்களும் வருவார்கள், கேட்பார்கள், மனதாரச் சம்மதிப்பார்கள். வீட்டுக்குப் போனதும் அந்தச் சம்மதம் அப்படியே நின்றுவிடும். ஆப்பிரிக்கக் கிராமங்கள் பலவற்றில் இதற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு மாட்டை விற்க வேண்டும் என்றால், அந்த மாடு அம்மாவுடையது இல்லை.

கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் எனோசேன் என்று ஒரு கிராமம், மாடு வளர்த்து வாழும் மாசாய் இன மக்களின் ஊர். அங்கே பிறந்தவர் ககென்யா நட்டையா. எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்கு வெளியூரில் போலீஸ் வேலை, எப்போதாவதுதான் ஊருக்கு வருவார். அம்மா வயலில் பாடுபட்டு, மாடு கன்று வளர்த்து வைத்திருப்பார். அப்பா வந்தால் அவற்றை விற்றுவிட்டு நண்பர்களோடு குடிக்கப் போய்விடுவார். அம்மாவால் தடுக்க முடியாது, சொத்து ஆணுக்குரியது என்பது அங்கே வழக்கம். அந்த அம்மா படிக்காதவர். தன் பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

ககென்யாவுக்கு ஐந்து வயதிலேயே மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்கள். பருவம் வந்தால் ஒரு சடங்கு, பிறகு பரிசமாக மாடுகளை வாங்கிக்கொண்டு கல்யாணம். அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எட்டாம் வகுப்பு முடியும் நேரத்தில் அந்தப் பெண் அப்பாவிடம் நேரே போய்ப் பேசினார். சடங்குக்கு உடன்படுகிறேன், ஆனால் அது முடிந்ததும் என்னை மறுபடி பள்ளிக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஓடிப்போவேன் என்றார். மகள் ஓடிப்போனாள் என்ற பேச்சு ஒரு மாசாய் அப்பாவுக்குத் தாங்க முடியாத அவமானம். அவர் ஒத்துக்கொண்டார். சடங்கு என்று நான் மென்மையாகச் சொல்லிவிட்டேன். பெண்ணுறுப்பை அறுக்கும் கொடுமை அது. உயர்நிலைப் பள்ளிக்குப் போவதற்காக ஒரு சிறுமி தன் உடம்பில் அதைத் தாங்கிக்கொண்டாள். இப்படி ஒரு பேரம் இனி எந்தப் பிள்ளைக்கும் நேரக் கூடாது.

அடுத்து நடந்ததைத்தான் நேயர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் அவருக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. விமானச் சீட்டுக்குப் பணம் இல்லை, ஊரின் சம்மதமும் வேண்டும். அப்பாவோ நோயில் படுத்துவிட்டார். நாம் பெரியப்பா, சித்தப்பா என்று உறவு கொண்டாடுகிறோம் அல்லவா? மாசாய் மக்களிடம் அது இன்னும் விரிந்தது. அப்பாவின் வயதுடைய ஆண்கள் எல்லாருமே அப்பாக்கள்தான். ஆக, ஊரில் உள்ள அத்தனை அப்பாக்களிடமும் அனுமதி கேட்க வேண்டும். ஒரு பையனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு வீணாகிறதே என்று அவர்கள் அங்கலாய்த்தார்கள்.

அவர் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. சூரியன் உதிக்கும் முன் வீடு தேடி வரும் சேதி நல்ல சேதி, அதை மறுக்கக் கூடாது என்று அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. இருட்டோடு எழுந்து, ஊரில் செல்வாக்குள்ள ஒரு பெரியவரின் வீட்டு வாசலில் போய் நின்றார். படித்துவிட்டுத் திரும்பி வந்து ஊருக்கு உழைப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்தப் பெரியவர் மற்றவர்களைச் சேர்த்தார். கடைசியில் ஊரே காசு போட்டு அவரை அனுப்பி வைத்தது.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். ஊருக்குத் திரும்பிப் பெண்களுக்கு ஒரு பள்ளி கட்டலாம் என்றபோது, ஆண்கள் எங்களுக்குப் பையன்கள் பள்ளிதான் வேண்டும் என்றார்கள். அவர்களில் படித்த சிலர் நடுவில் புகுந்து சமரசம் பேசினார்கள்: பெண்கள் பள்ளியை ககென்யா கட்டட்டும், பையன்கள் பள்ளியை நாம் கட்டிக்கொள்வோம். வாய்ச் சம்மதம் போதாது, உங்கள் பங்காக ஏதாவது கொடுங்கள் என்று அவர் கேட்டார். நிலம் கொடுத்தார்கள். 2009இல் பள்ளி திறந்தது. அங்கே மகளைச் சேர்க்கும் பெற்றோர் அவளுக்கு அந்தச் சடங்கைச் செய்ய மாட்டோம், சின்ன வயதில் கல்யாணமும் கட்டிவைக்க மாட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஒரு மகள் தன் அப்பாவோடு தனியாக நின்று பேசிய பேரம், இன்று பள்ளியின் விதியாக, பிள்ளைக்கு எந்த இழப்பும் இல்லாமல் நடக்கிறது. நிலம் கொடுத்தவர்களுக்கு அந்தப் பள்ளி வெளியார் கொண்டுவந்து வைத்த கட்டடமாகத் தோன்றாது. அவர் ஆண்களிடம் பங்கு கேட்டதன் பலன் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதைக் கேட்டதும் அப்பாக்கள் எல்லாரும் மகள் படிப்புக்கு எதிரிகள் என்று எண்ணிவிட வேண்டாம். 1991இல் ஆன் காட்டன் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண்மணி ஜிம்பாப்வேயில் மோலா என்ற ஊருக்குப் போனார். கரிபா அணைக்காகத் தங்கள் ஆற்றங்கரையை விட்டுப் பெயர்க்கப்பட்ட டோங்கா மக்களின் ஊர் அது. பழைய வழக்கங்கள்தான் பெண்களைத் தடுக்கின்றன என்று நினைத்துப் போனவர், அங்கே கண்டது வறுமையை. ஒரு பிள்ளைக்குத்தான் கட்டணம் கட்ட முடியும், வேலை கிடைக்கும் வாய்ப்பு பையனுக்குத்தான் அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். அவ்வளவுதான். 1993இல் 32 பெண் பிள்ளைகளோடு அவர் தொடங்கிய கேம்ஃபெட் அமைப்பு, கட்டணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், ஊர்த்தலைவர்களையும் பெற்றோரையும் பொறுப்பில் சேர்த்துக்கொண்டது. கையில் காசில்லாத அப்பாவைப் பிற்போக்காளர் என்று ஏசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் சில இடங்களில் கண்டிப்பும் தேவைப்படுகிறது. மலாவியில் தெரசா கச்சிண்டமோட்டோ, 27 ஆண்டுகள் ஒரு கல்லூரியில் செயலாளராக இருந்தவர், 2003இல் டெட்சா மாவட்டத்தில் பெருந்தலைவராக ஆக்கப்பட்டார். அங்கே பன்னிரண்டு வயதில் கையில் குழந்தையோடு நின்ற பெண்களைப் பார்த்தார். பெற்றோரிடம் பேசிப் பார்த்தார், மசியவில்லை. சட்டமும் முழுத் துணையாக இல்லை. 2015இல் திருமண வயதை 18 ஆக்கிய பிறகும், பெற்றோர் சம்மதித்தால் 15 வயதிலேயே கல்யாணம் செய்ய அரசியலமைப்பில் வழி இருந்தது. 2017இல்தான் அது அடைபட்டது.

அவர் தமக்குக் கீழிருந்த ஊர்த்தலைவர்கள் சுமார் 50 பேரைக் கூட்டினார். சிறுவயதுத் திருமணத்தை ஒழிப்போம், நடந்தவற்றை ரத்து செய்வோம் என்று எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கினார். மிரட்டல்கள் வந்தன, அவர் பின்வாங்கவில்லை. 2016 வாக்கில் 850க்கும் மேற்பட்ட திருமணங்கள் ரத்தாகியிருந்தன, அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலையும் கூடவே நடந்தது. கையெழுத்துப் போட்ட பிறகும் தங்கள் ஊரில் இத்தகைய திருமணங்களை அனுமதித்த ஆண் தலைவர்கள் நான்கு பேரின் பதவியை அவர் பறித்தார். ஊருக்குப் போய் அந்தத் திருமணங்களை ரத்து செய்துவிட்டோம் என்று அவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள். அது உண்மைதானா என்று தெரிந்துகொண்ட பிறகே பதவியைத் திருப்பிக் கொடுத்தார்.

நன்றி, வணக்கம்.