பெர்மிட் வாங்குங்கள்: ஒரு வசந்தகால வான்கோழி வேட்டையை முன்வைத்து

அவைத்தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் மிசூரி மாநில வனவளத் துறை அதிகாரி அவர்களே (அவருக்குத் தமிழ் தெரியாது, அருகிலிருந்து பெயர்த்துச் சொல்லும் தம்பிக்கும் என் நன்றி), கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, பந்தியைக் கவனித்துக்கொள்ளும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

பறவை, வேட்டை, பெர்மிட் என்னும் வேட்டை அனுமதிச் சீட்டு என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே பழமொழி: பதறாத காரியம் சிதறாது.

1950-களின் தொடக்கத்தில் இம்மாநிலத்தில் சில ஆயிரம் காட்டு வான்கோழிகளே மிஞ்சியிருந்தன. பண்ணையில் வளர்த்து விட்டவை காட்டில் பிழைக்கவில்லை. 1954 முதல், காட்டிலேயே பிறந்தவற்றை வலையில் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். 1960-இல்தான் வசந்தகால வேட்டைக்கு மீண்டும் அனுமதி தந்தார்கள். பதறாத காரியம் சிதறாது!

இனி வேட்டை. சென்ற ஏப்ரலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை ஓசார்க் மலைக்காட்டுக்கு அழைத்துப் போனார். விடியுமுன்னே ஓக் மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்தோம். முகமூடி முதல் காலுறை வரை பச்சையும் பழுப்பும்தான். சிவப்பு, வெள்ளை, நீலம் கூடாது. வான்கோழிச் சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். இன்னொரு வேட்டைக்காரர் நம்மைப் பறவை என்று நினைத்துவிடுவார்.

வெளுக்கும் நேரத்தில் மேட்டு மரத்திலிருந்து சேவல் கத்தியது. பெரியவர் சுண்ணக்கட்டி தடவிய மரப்பெட்டியின் மூடியை மெல்லத் தேய்த்தார். அச்சு அசலாகப் பெட்டையின் குரல். பதில் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. கால் மரத்துப்போனது, கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. "அசையாதே" என்றார் பெரியவர், வாய்க்குள்ளேயே.

முதலில் வந்தது நிஜமான பெட்டை! என் பூட்ஸுக்கு இரண்டு முழத்தில் நின்று சருகைக் கிளறுகிறது. பின்னால் தோகை விரித்துச் சேவல். அதன் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் உறுமல் என் விலா எலும்பில் கேட்டது. துப்பாக்கியோ மடியில். சேவலின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்த நொடியில் தூக்கினேன். இந்தப் பக்கம் வந்தது. முப்பது கஜம். ஒரே தோட்டா. மார்பில் சாண் நீளத்துக்கு மேல் தாடி என்று சொல்லும் மயிர்க்கற்றை, காலில் வளைந்த முள். பெட்டை ஓடிப்போயிற்று, அது ஓடிப்போகத்தான் வேண்டும், முட்டையிடும் காலம். வசந்தத்தில் சேவலையோ தாடி தெரியும் பறவையையோ மட்டுமே சுடச் சட்டம் அனுமதிக்கிறது.

அந்தச் சேவல் அங்கே கத்துவதற்குக் காசு கொடுத்தது யார்? அதைக் கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன். 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா மீதான மத்திய வரிப்பணம் வனவிலங்குகளுக்காக மாநிலங்களுக்குப் போகிறது. பங்கு பிரிக்கும்போது மாநிலத்தின் பரப்பளவைப் பார்க்கிறார்கள்; காசு கொடுத்து வேட்டை பெர்மிட் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்றும் பார்க்கிறார்கள். இந்த அரங்கில் உள்ளவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் இருக்கிறோம்? இதே காட்டுப் பாதைகளில்தான் நாமும் பிள்ளைகளோடு நடக்கிறோம். சுட வேண்டாம், சைவமாகவே இருங்கள். பெர்மிட் மட்டும் வாங்குங்கள்.

1967 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். விவரம் அதிகாரி அவர்களிடமே இருக்கிறது. பந்திக்குப் போகுமுன் அவரிடம் பேசிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.