புகை தெரிகிறது, நெருப்பு எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். தத்துவம் என்றாலே "அதெல்லாம் நமக்கு எதற்கு" என்று ஒதுங்குகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் மெய்யாகவே வருத்தம்.

சிங்கப்பூரில் 2013 ஜூன் மாதப் புகைமூட்டம் ஞாபகம் இருக்கும். 21ஆம் தேதி காற்றுமாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது. ஜன்னலை அடைத்துக்கொண்டு, முகக்கவசத்துக்கு அலைந்தோம். யாரைக் கேட்டாலும் "சுமத்ராவில் காடு எரிகிறது" என்பதுதான் பேச்சு. சரி, நம்மில் எத்தனை பேர் அந்த நெருப்பைப் பார்த்தோம்? பார்த்தது புகையை மட்டும்தான். பார்க்காத ஒன்றை எந்தத் தைரியத்தில் அடித்துச் சொல்கிறோம்? காரணம் காட்டி முடிவுக்கு வரும் தருக்கம் என்ற தத்துவப் பிரிவு பிறக்கும் இடம் இதுதான்.

மணிமேகலைக்கு பௌத்தத் துறவி அறவண அடிகள் இதையே பாடமாகச் சொல்கிறார், மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை இருக்கிறது. எதைப்போல என்றால், அடுக்களையைப் போல. காப்பியத்துக்குள் அடுக்களை வந்து நிற்கிறது பாருங்கள்! முதலில் சொல்வது பக்கம், காரணம் ஏது, எடுத்துக்காட்டு திருட்டாந்தம். புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை நீங்களே பார்த்த இடம் ஒன்றைக் காட்டு என்கிறார். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒருமுறை இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, உயர்நிலை மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "சார், எங்கள் வீட்டில் மின்சார அடுப்பு. எண்ணெய் அதிகம் காய்ந்தால் புகை வருது. நெருப்பே இல்லையே?" அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! 'புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு' என்ற விதியைச் சாய்க்க அந்த ஒரு சட்டி போதும். ஆயிரம் விறகடுப்பைக் காட்டினாலும் விதி பழையபடி எழுந்து நிற்காது. 'சூடு' என்று திருத்தினால் ஒருவேளை நிற்கும். இன்னொன்று, நீராவியா பனியா என்று சந்தேகம் இருக்கும்போதே புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பைச் சாதிப்பது பிழை என்றும் அந்தக் காதை சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன், ஏது எங்கே, அடுக்களை எங்கே என்று கேளுங்கள்.

தத்துவத்தின் இன்னொரு பிரிவு அறவியல், எது சரி எது தவறு என்ற ஆராய்ச்சி. அதற்கு நேரம் நெருக்குகிறது. ஒன்றே ஒன்று. அப்பாவுக்குக் கடுமையான நோய் என்று மருத்துவர் மகனிடம் சொல்கிறார். அப்பாவிடம் மறைக்கலாமா? குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது 292ஆம் குறள். ஜெர்மானிய அறிஞர் காண்ட், கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797இல் எழுதினார். நான் வள்ளுவர் பக்கம். ஆனாலும் அந்த நன்மை குற்றமற்றதுதான் என்று முடிவு செய்வது யார், மகனா, அப்பாவா? இன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் கேட்டுப் பாருங்கள். முதலில் அப்பா பேசட்டும். வணக்கம்.