பக்கத்து நாற்காலியில் இருப்பவர்

எல்லோருக்கும் வணக்கம்.

புற்றுநோய் வார்டுக்குள் வரும் மருத்துவரின் கண் கட்டிலில் படுத்திருப்பவர் மேல்தான் போகும். போகத்தான் வேண்டும். நான் இன்று பேச வந்தது, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து. அதிலும் அமெரிக்காவில் வாழும் லத்தீனோ குடும்பங்களைப் பற்றி. மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா, புவேர்ட்டோ ரிக்கோ என்று பல மண்ணிலிருந்து வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். 2020 கணக்கெடுப்பில் இவர்கள் சுமார் 6.2 கோடிப் பேர். 2009ஆம் ஆண்டிலேயே இவர்களிடையே உயிரைப் பறிக்கும் நோய்களில் இதய நோயை முந்திக்கொண்டு புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

ஒரு பரிசோதனை அறையை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். மருத்துவருக்கு ஆங்கிலம் மட்டும்தான். இரண்டும் தெரிந்தவள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் 13 வயது மகள். கட்டி கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்கிறார் மருத்துவர். அம்மா மகளின் முகத்தையே பார்க்கிறாள். அந்தப் பெண் எச்சிலை விழுங்கிக்கொண்டு, “இன்னும் கொஞ்ச நாள் மருந்து எடுக்கணுமாம், அம்மா” என்கிறாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். யாரிடம் போய்ச் சொல்வாள்?

அவசரம் தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016இல் அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. ஆனால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளையோ பக்கத்திலேயே நிற்கிறது. நெருக்கடியான நாளில் எது நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம், சொல்லாமல் மறைக்கிற பழக்கம். அம்மா தாங்கமாட்டாள் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அம்மா வலியை மறைப்பாள். குடும்பம்தான் எல்லாம் என்று வாழ்கிறவர்களிடம் அன்பு இப்படித்தான் வெளிப்படுகிறது. மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டுவார்கள். வெப்பமானி போல ஒரு படம், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. உங்கள் மனவேதனை எவ்வளவு, குறித்துக் கொடுங்கள். நான்கோ அதற்கு மேலோ என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். பக்கத்தில் மகன் நிற்கும்போது எந்தத் தாய் ஒன்பது என்று குறிப்பாள்?

இவர்கள் எல்லாவற்றையும் கடவுள் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடவுளை நம்புகிற பெண் சிகிச்சைக்கும் வருவாள். ஒரு நாள் வயல் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும், காரில் கூட்டிப்போக ஆள் இல்லை, குடியுரிமைத் தாள் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் — அவளைத் தடுப்பவை இவைதான்.

சரி, என்ன செய்தால் பலன் கிடைக்கிறது? சான் பிரான்சிஸ்கோவில் சிர்குலோ தே வீடா என்ற ஆதரவு மையம் இருக்கிறது. அதைத் தொடங்கிய உளவியலாளர் கார்மென் ஓர்ட்டிஸும் ஆய்வாளர் ஆன்னா நாபோலெஸும் சேர்ந்து ‘நுவேவோ அமனேசர்’, அதாவது புதிய விடியல், என்ற திட்டத்தை வடித்தார்கள். ஆலோசனை சொல்ல வருபவர் வெள்ளைக் கோட்டு போட்டவர் இல்லை. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு, பயிற்சி பெற்ற ஒரு லத்தீனோ பெண். வாரம் ஒரு முறை, எட்டு வாரம், எதிரே உட்கார்ந்து ஸ்பானிஷில் பேசுவாள். மூச்சை நிதானமாக்கச் சொல்லிக்கொடுப்பாள். ‘நான் சாகத்தான் போகிறேன்’ என்ற எண்ணம் வரும்போது அதை எப்படித் தட்டிக் கேட்பது, மருத்துவரிடம் என்ன கேள்வி கேட்பது, வீட்டாரிடம் உதவியை எப்படி வாய்விட்டுக் கேட்பது என்றெல்லாம் பழக்குவாள். 151 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. திட்டத்தில் இருந்தவர்களின் மனச்சோர்வு குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. முடியெல்லாம் கொட்டி, திரும்ப வளர்ந்த ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பதே பாதி மருந்து என்பது என் எண்ணம்.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் டெர்ரி பேட்ஜர் இன்னொரு வழி கண்டார். நோயாளிக்கும் அவரைக் கவனிப்பவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் ஆலோசனை. கணவர்தான் என்றில்லை, மகளோ சகோதரியோ தோழியோ யாராகவும் இருக்கலாம். பஸ் செலவு இல்லை, கூலி இழப்பு இல்லை. நோயாளி காதில் விழாமல், “எனக்கும் முடியவில்லை” என்று சொல்ல ஒரு இடம் கிடைக்கிறது.

கலிபோர்னியாவில் குடும்பத்தாரைக் கவனிக்க எட்டு வாரம் வரை, சம்பளத்தில் ஒரு பகுதியோடு விடுப்பு உண்டு. இந்த விடுப்புத் திட்டம் 2004இல் தொடங்கியது. குடியேற்றத் தாள் இல்லாதவர்களும் கேட்கலாம். ஆனால் சம்பளத்தில் அதற்கான பிடித்தம் போயிருக்க வேண்டும். ரொக்கக் கூலிக்கு வீடு துடைக்கப் போகும் மகளுக்கு அது எட்டாது.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், பராமரிப்பவருக்குப் பயிற்சி கொடுக்க 2024இலிருந்து பணம் தருகிறது. நல்ல விஷயம். ஆனால் அது நோயாளியைக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பதற்கான பணம். ராத்திரி முழுக்கக் கண்விழித்து, காலையில் வேலைக்கு ஓடுகிற அந்த மகளின் பெயரில் மருத்துவமனையில் ஒரு கோப்பு கிடையாது. சமூகப் பணியாளர் அவளோடு உட்கார்ந்து பேசிய ஒரு மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்னும் குழம்புகிறார்கள். முதலில் அவளுக்கு ஒரு கோப்பு திறக்கச் சொல்லுங்கள். நன்றி.