மணியோசை முன்னே வரட்டும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அதிபர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் பிரதம விருந்தினராக வந்து எங்களைக் கௌரவித்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, மண்டபத்தைக் காசு வாங்காமல் தந்த ஆலய பரிபாலன சபையினரே, காத்தான்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் நண்பர்களே, கல்லடிக் கரையின் மீனவ அண்ணன்மாரே, வாசலில் சந்தனம் தந்து வரவேற்ற மாதர் சங்கத்து அக்காமாரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பழைய அபாயச் சங்குகளை, அதாவது ஆபத்து வருமுன் ஊதி எச்சரிக்கும் சைரன்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். சங்கின் வரலாறு ஒன்று, அது வேலை செய்யும் விதம் ஒன்று, அதைத் தேடித் திரிகிறவர்கள் ஒன்று. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். யானையோடு சேர்ந்து வாழும் மட்டக்களப்பு, அம்பாறைச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வரலாற்றை யுத்த காலத்திலிருந்து தொடங்கலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதே நாளில் எங்கள் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. சுழியோடிகள் இன்றைக்கும் அதைப் பார்க்கப் போகிறார்கள். உலகத்தின் பல நகரங்களில் கூரைக்குக் கூரை சங்கு ஏறிய காலம் அது. யுத்தம் முடிந்தும் அவை இறங்கவில்லை. 1952 இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பனி செய்த ஒரு சங்குக்கு 180 குதிரைவலு எஞ்சின். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1985 இல் சோதனையை நிறுத்தியும், பழைய சங்குகள் இன்னும் கம்பங்களிலும் கட்டடங்களிலும் நிற்கின்றன. அவற்றைத் தெருத் தெருவாகத் தேடிப் படம் எடுத்து, வரைபடத்தில் புள்ளி வைக்க ஒரு கூட்டமே இருக்கிறது.

இங்கே நாங்கள் நான்கு பேர். பஸார் பக்கத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம். இடத்தைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் எங்களுக்கு முன்னால் ஏறிவிடுவார்கள். மேலே போகக் காவலாளி ஐயா விடவே இல்லை. "என்னத்துக்கு மனே மேல? புறா எச்சத்தத் தவிர ஒண்டுமில்ல" என்றார். சங்கு தேடுகிறோம் என்று சொன்னோம். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் சின்னப் பொடியனா இருக்கக்க அது ஊதும். அம்மா அதக் கேட்டுத்தான் உலை வைப்பா. மறுகா ஒரு நாள் நிண்டு போச்சு. ஏன் நிண்டதெண்டு ஒருத்தரும் கேக்கல்ல" என்றார். பிறகு அவரே போய் ஏணி கொண்டு வந்து, கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலே காளான் குடை மாதிரி ஒரு தகரத் தொப்பி. அதன் கீழே இரும்பு உருளை, அதற்குள் இன்னொரு உருளை. இரண்டிலும் ஜன்னல் ஜன்னலாகத் துவாரங்கள். அதில் மூன்றைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. மோட்டார் உள் உருளையைச் சுழற்றும்போது காற்று வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு வெளியே பாயும். பன்னிரண்டு துவாரம் நொடிக்கு 40 சுற்றுச் சுற்றினால் 480 அதிர்வு. வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறும், அதுதான் அந்த ஊளை. எங்களில் ஒரு தம்பி குளவிக் கூட்டைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, கையால் சுழற்றினான். முதலில் அசையவில்லை. நாலாம் தரம் சுற்றியபோது மாடு முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. கீழே நின்ற ஐயா, "அதுதான் மனே, அதுதான்!" என்று கத்தினார். ஏணியை விட்டுவிட்டார் என்று பயந்தே போனோம். விடவில்லை, அழுதுகொண்டு நின்றார்.

அதனால்தான் கேட்கிறேன், பிரதேச செயலாளர் அம்மா இருக்கும் சபையில் பணிவோடு கேட்கிறேன். 2004 டிசம்பர் 26 காலை 6.58 க்கு சுமத்ராப் பக்கம் கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை எங்கள் கரைக்கு வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. நாவலடியிலிருந்து பாலம் கடந்து வர அவ்வளவு நேரமா வேண்டும்? அன்றைக்கு யானைதான் வந்தது, மணி வரவில்லை. பிறகு நாடு முழுக்கக் கரையோரத்தில் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் வைத்தார்கள், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் உப்புக் காற்று இரும்பை விடாது. ஊதிப் பார்க்காத சங்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். சிக்காகோவில் மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்கு ஊதிப் பார்க்கிறார்கள். எங்கள் கரையிலும் மாதம் ஒரு நாள், ஒரு நேரம் குறித்து ஊதட்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த நேரத்தில் நடந்து பழகட்டும். ஒரு காரியாலயத்துக்கு இதை இரண்டு தரம் எழுதினேன், பதில் வரவில்லை. மூன்றாவது கடிதம் வாசலில் மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்து மனம் ஒப்பினால் கையெழுத்து வையுங்கள்.

அப்புறம் ஒன்று. மேசைக்குப் பக்கத்தில் தம்பி கொப்பியோடு நிற்கிறான். எந்தக் கூரையிலாவது, எந்த ஆலையிலாவது பழைய சங்கு பார்த்த ஞாபகம் இருந்தால் அவனிடம் சொல்லுங்கள். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்த பெரியவர்கள் யாராவது வந்திருந்தால், தேத்தண்ணி குடிக்கும்போது என்னோடு வந்து கதையுங்கள். நீளமான ஏணி உள்ளவர்களும் பெயர் தந்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.